‘வாழ்க்கைத் தரம்’: வினாப்படிவத் தமிழும் தமிழ்த்துறைகளின் பொறுப்பும்

ஒருவரது குருதியிலுள்ள சர்க்கரையின் அளவை அறிய அவருடைய மொழி தேவையில்லை. அவர் தம் வாழ்வை எவ்வாறு உணர்கிறார் என்பதை அறியவோ அவரது கூற்றைத் தவிர வேறு வழியில்லை. இக்கூற்றைப் பெறுவதற்கான கருவியை உருவாக்கும் பணியை உலக சுகாதார நிறுவனம் 1991-இல் தொடங்கியது. தாம் வாழும் பண்பாட்டுச் சூழலிலும் மதிப்பு முறைகளிலும், தம் இலக்குகளையும் எதிர்பார்ப்புகளையும் கொண்டு, ஒருவர் தம் வாழ்வைப் பற்றிக் கொள்ளும் உணர்வே அளக்கப்படுவது என்று அந்நிறுவனம் வரையறுத்தது. உலகின் 15 மையங்கள் பங்கேற்ற இப்பணியில் சென்னையும் புதுதில்லியும் இடம்பெற்றன. முதலில் 100 வினாக்கள் கொண்ட படிவமும், பின்னர் 26 வினாக்கள் கொண்ட சுருக்கப் படிவமும் உருவாயின. இந்தி வடிவம் குறித்த ஆய்வை 1998-இல் சேகர் சக்சேனா குழுவினர் வெளியிட்டனர்.

மருத்துவமனைகளும் செவிலியர் கல்லூரிகளும் சமூகப்பணித் துறைகளும் மிகுந்த கோவையில் இத்தகைய படிவங்களின் மொழி, மருத்துவத்தார்க்கு மட்டும் உரிய செய்தியன்று. படிவம் ஒரு பனுவல். அதனை ஆராய்வது தமிழாய்வின் கடமை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தலைப்பிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. இந்தியில் பொருளாதார நிலையைக் குறிக்க ‘ஜீவன் ஸ்தர்’ என்றும், வாழ்வின் பண்பைக் குறிக்க ‘ஜீவன் கீ குணவத்தா’ என்றும் இரு தொடர்கள் உள்ளன. தமிழில் இவ்விரண்டிற்கும் ‘வாழ்க்கைத் தரம்’ என்னும் ஒரே தொடர் பெருவழக்காகிவிட்டது. ‘தரம்’ என்பது வகுத்து வரிசைப்படுத்தும் சொல். சோழர் கல்வெட்டுகளில் நிலம் தரமிடப்பட்டதும், தரமிடப்படாத நிலம் ‘தரமிலி’ எனப்பட்டதும் நாம் அறிந்தவை. இன்றும் வருவாய்த்துறை ஆவணங்களில் நிலத்திற்குத் தரம் உண்டு. எனவே ‘உங்கள் வாழ்க்கைத் தரம் எப்படி உள்ளது?’ என்று கேட்டால், வீடு, வருவாய், உடைமை ஆகியவற்றை எண்ணி விடையளிக்கவே வாய்ப்பு மிகுதி. நோயுற்றும் மனநிறைவோடு வாழும் ஏழை தம்மைக் கீழ்நிலையில் குறிப்பார். வசதியிருந்தும் அமைதியற்றவர் தம்மை மேல்நிலையில் குறிப்பார். அளக்க முற்பட்டது ஒன்று, அளந்தது வேறொன்று.

இதனை மறுமொழிபெயர்ப்பு காட்டிக்கொடுக்காதா என்று கேட்கலாம். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்த படிவத்தை மூலத்தைக் காணாத ஒருவர் மீண்டும் ஆங்கிலத்திற்கு மாற்ற, இரண்டும் ஒப்பிடப்படும். இம்முறை பல பிழைகளைக் களையும், இப்பிழையைக் களையாது. இருமொழி கற்ற மொழிபெயர்ப்பாளர், ‘வாழ்க்கைத் தரம்’ என்பதைக் கண்டவுடன் மூல ஆங்கிலத் தொடரையே எழுதிவிடுவார். கலைச்சொல் வழக்கு அவருக்குத் தெரியும். விடையளிப்பவர்க்கோ அது தெரிய வேண்டியதில்லை.

சுருக்கப் படிவத்திலுள்ள மற்றொரு வினா, வாழ்வு எந்த அளவு அர்த்தமுள்ளதாக உணரப்படுகிறது என்பது. இதனை ‘பொருளுள்ள வாழ்வு’ என்று பெயர்த்தால், செல்வம் என்னும் பொருள் முந்திக்கொள்ளும். தேவைக்குப் போதிய பணம் உண்டா எனத் தனியே வினவும் அப்படிவத்தில், இரு வினாக்கள் ஒன்றாகிவிடும். பாலியல் வாழ்வு பற்றிய வினாவில் ‘தாம்பத்தியம்’ என்று எழுதினால் நாகரிகம் காக்கப்படும். ஆனால் மணமாகாதோரும் துணையை இழந்தோரும் வினாவுக்கு வெளியே நிற்பர்.

விடைச்சொற்களிலும் கருத்து வேண்டும். மூலத் திட்டத்தில் ஐந்து படிநிலைகளின் இடைச்சொற்கள் நேரடியாக மொழிபெயர்க்கப்படவில்லை. அந்தந்த மொழியினர் சொற்களைப் பத்து சென்டிமீட்டர் கோடொன்றில் இடம் குறித்துக் காட்ட, கால், அரை, முக்கால் தொலைவில் நிற்பவை தெரிவு செய்யப்பட்டன. கொங்குப் பேச்சில் ‘பரவாயில்லீங்க’ என்பது இக்கோட்டில் எங்கே நிற்கும்? சொல்வாரின் தொனிக்கேற்ப அது நிறைவையும் குறிக்கும், பொறுத்துக்கொள்ளலையும் குறிக்கும், மேலும் கேட்கவேண்டாம் என்னும் மறுப்பையும் குறிக்கும். ‘ஏதோ பொழப்பு ஓடுதுங்க’ என்னும் விடையில் பிழைப்பும் வாழ்வும் பிரிவதில்லை.

எழுத்தறியாதார்க்கும் முதியோர்க்கும் படிவம் வாசித்துக் காட்டப்படுகிறது. புரியாதபோது வாசிப்பவர் தம் சொற்களில் விளக்குகிறார். அவ்விளக்கமே உரையாகிறது, உரைக்கு உரை பாடமும் வேறுபடுகிறது. திருப்பூர் பின்னலாடைத் தொழிலிலும் கோவை வார்ப்பாலைகளிலும் பணிபுரியும் வடமாநிலத்தவரிடம் இந்தி வடிவத்தை நீட்டும்போதும் இதே நிலைதான். போஜ்புரியையோ மைதிலியையோ ஒடியாவையோ தாய்மொழியாகக் கொண்டவர்க்கு அவ்விந்தி, கொங்கு முதியவர்க்கு நம் கலைச்சொல் தமிழ் இருக்குமளவு தொலைவில் இருக்கக்கூடும்.

வட்டாரந்தோறும் சொல்லை மாற்றினால் ஒப்பீடு கெடும் என்பது எதிர்வாதம். இது புறந்தள்ளத்தக்கதன்று. வட்டாரத்திற்கொரு படிவம் வேண்டும் என்பது நம் கோரிக்கையும் அன்று. ஆனால் ஒப்பீட்டிற்கு வேண்டுவது பொருளொப்புமை. எழுத்தொப்புமை மட்டும் போதாது. ஒரே சொல் இருவேறு பொருளில் கேட்கப்படுமாயின், அங்கு ஒப்பீடு ஏற்கெனவே கெட்டுவிட்டது. பொதுத்தமிழ்ப் படிவத்தை நிலைநிறுத்தி, வாசிப்பவர் கூறத்தக்க விளக்கத்தையும் வட்டார வழக்கில் முன்கூட்டியே எழுதி வரையறுப்பது இரண்டையும் காக்கும்.

இதற்கு மூன்று செயல்கள் இன்றியமையாதன. முதலாவது, தமிழ்ப் படிவத்தைப் பயன்படுத்தும் ஆய்வேடு எதுவாயினும், உரிமையாளரின் இசைவுடன் அதன் முழுப் பாடத்தையும் பின்னிணைப்பாகத் தருதல். பாடம் கிட்டாவிடில் பாட ஆய்வும் இல்லை. இரண்டாவது, வினாவைக் கேட்டவர் அதனைத் தம் சொற்களில் திருப்பிக் கூறச் செய்து, அக்கூற்றுகளைத் தொகுத்தல். வட்டார வழக்காய்வில் பயிற்சியுடைய தமிழ் மாணவர் இதனைச் செம்மையாகச் செய்வர். மூன்றாவது, மொழிபெயர்ப்புக் குழுவில் தமிழாய்வாளர் இறுதிநிலைப் பிழைதிருத்துநராக அல்லாமல் தொடக்கம் முதலே இடம்பெறுதல்.

‘வாழ்க்கைத் தரம்’ என்பதற்கு மாற்றாக ‘வாழ்வு நலம்’, ‘வாழ்வு நிறைவு’ போன்றவற்றை முன்மொழியலாம். எனினும் கலைச்சொல்லைத் துறையறையில் முடிவு செய்வது பழைய பிழையைப் புதுச்சொல்லால் செய்வதாகும். எச்சொல் எவ்வாறு கேட்கப்படுகிறது என்பதைக் கள ஆய்வே தீர்மானிக்க வேண்டும். ஒரு சிகிச்சை நோயாளியின் வாழ்வை மேம்படுத்தியதா என்ற முடிவு அவர் வட்டமிடும் எண்ணைச் சார்ந்திருக்கும் நிலையில், அவ்வெண்ணுக்கு முன்னுள்ள தமிழ்த்தொடர்க்கு நாமும் பொறுப்பாளர்களே.