தோளில் ஏறும் சுமை: நல்ல முதுகுப்பைக்கு என்ன விலை?

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் பசியாறிக்கொண்டிருந்தேன். அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது.

"தம்பி, உன் மருமகன் கினபாலு மலைக்குப் போறானாம். வேலை இடத்துக் கூட்டாளிங்களோட. 69 வெள்ளிக்கு ஒரு பெரிய பையைக் கைப்பேசியிலே பார்த்து வச்சிருக்கான். வாங்குறதுக்கு முன்னாடி நீ ஒரு வார்த்தை சொல்லு. அண்ணனுக்கு நடந்ததை நான் இன்னும் மறக்கலே."

நானும் மறக்கவில்லை. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அண்ணனும் நானும் இன்னும் நான்கு பேரும் உலு லங்காட் வழியாக நுவாங் மலைக்குப் போனோம். அதன் உயரம் 1,493 மீட்டர். ஏறியவர்களுக்குத் தெரியும், தொடக்கத்தில் வரும் அந்த நீண்ட மண்சாலை போகப் போக முடியவே முடியாது. அண்ணனுக்கு நீரிழிவு உண்டு. ஆனால் வாரம் தவறாமல் நடப்பவர்; மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் வந்தார். அவருடைய மிட்டாய், குளுக்கோஸ், கைவிளக்கு, மாற்றுத் துணி எல்லாம் என் பையில். அந்தப் பையை பசார் மாலாமில் 59 வெள்ளிக்கு வாங்கியிருந்தேன். பார்க்க அழகாக இருக்கும். எங்கு பார்த்தாலும் வார், எங்கு பார்த்தாலும் ஜிப்.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கெம் பாச்சாட்டைத் தாண்டிச் சற்று தூரத்தில் வலது தோள்வார் தையலோடு பிய்ந்து வந்தது. பையை ஒரு கையால் மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினேன். வேரைப் பிடிக்க வேண்டிய கை பையைப் பிடித்திருந்தது. இரண்டு முறை வழுக்கி விழுந்தேன். மண்சாலைக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அண்ணன் பேச்சு குழற ஆரம்பித்தது, கை நடுங்கியது. சர்க்கரை இறங்குகிறது என்று புரிந்தது. மிட்டாயை எடுக்கலாம் என்றால் ஜிப் மண்ணில் சிக்கி நகரவில்லை. பலமாக இழுத்தேன், இழுப்பான் கையோடு வந்துவிட்டது.

பின்னால் வந்த ஒரு மலாய் இளைஞர் தன் பையிலிருந்து மைலோ பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினார். அண்ணன் குடித்தார். கால் மணி நேரத்தில் எழுந்து நடந்தார். அந்த இளைஞரின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை என்ற வருத்தம் இன்றும் உண்டு.

தவறு என்னுடையதுதான். உயிர் காக்கும் பொருளைப் பையின் அடியில் வைத்தது முதல் தவறு. அந்தப் பையை நம்பியது இரண்டாவது. அன்றிலிருந்து முதுகுப்பை என்றால் கொஞ்சம் நுணுக்கமாகவே பார்ப்பவனாகிவிட்டேன். மருமகனோடு கடை ஏறி இறங்கியதில் பேசிக்கொண்டவற்றை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

முதல் கேள்வி: எங்கே போகிறோம்?

மருமகன் பார்த்து வைத்தது 60 லிட்டர் பை. "பெருசா இருந்தா நல்லதுதானே, மாமா?" என்றான். இல்லை. பை பெரிதாக இருந்தால் இடம் இருக்கிறதே என்று வேண்டாததையும் திணிப்போம். புக்கிட் காசிங், புரோகா, ஷா ஆலாம் சமூக வனம் போன்ற அரைநாள் நடைக்கு 15 முதல் 20 லிட்டர் போதும். நுவாங் போல விடியலில் ஏறி மாலையில் இறங்கும் மலைக்கு 25 முதல் 30 லிட்டர். கூடாரம், அடுப்பு, அரிசியெல்லாம் நாமே சுமந்து பல நாள் நடக்கும் தாகான் போன்ற மலைக்குத்தான் 50, 60 லிட்டர் தேவைப்படும்.

கினபாலுவின் உச்சி 4,095 மீட்டர் என்றாலும், இரவு பானாலாபானில் தங்கும் விடுதியில் படுக்கையும் சாப்பாடும் கிடைத்துவிடும். குளிருடை, மழைச்சட்டை, தலைவிளக்கு, கையுறை, தண்ணீர், கொறிக்க ஏதாவது; இவ்வளவுதான் சுமை. 30 முதல் 40 லிட்டர் தாராளம். அங்கே சுமைதூக்கிகளுக்குக் கிலோ கணக்கில்தான் கூலி என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது கேள்வி: நம் முதுகு எவ்வளவு நீளம்?

சட்டைக்கு அளவு பார்க்கிறோம், செருப்புக்கு அளவு பார்க்கிறோம். பைக்கு மட்டும் யாரும் பார்ப்பதில்லை. தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். அது ஒரு முனை. இடுப்பெலும்பின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக் கட்டைவிரல்களைப் பின்னால் நீட்டினால், அவை முதுகெலும்பில் சந்திக்கும் இடம் மறுமுனை. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நீளம்தான் பைக்கு முக்கியம். மருமகன் என்னைவிட ஒரு சாண் உயரம். அளந்து பார்த்தால் இருவருக்கும் முதுகு ஏறக்குறைய ஒரே நீளம்! அவனுக்குக் கால்தான் நீளம். பெண்களுக்குப் பொதுவாக முதுகு நீளமும் தோள் அகலமும் குறைவு என்பதால், அவர்களுக்கென்றே வளைந்த வார் வைத்துத் தைத்த பைகள் கிடைக்கின்றன. அண்ணன் தம்பியின் பையை அப்படியே தங்கைக்குக் கொடுத்துவிட்டு, "ஏன் தோள் வலிக்குதுங்கிறே?" என்று கேட்பது நியாயமில்லை.

இடுப்பு வாரும் முக்கியம். கனமான பையின் எடையில் பெரும்பகுதியை இடுப்பெலும்பு தாங்க வேண்டும். தோள் வார்கள் பையை நிலையாகப் பிடித்திருந்தால் போதும். மெத்தை வைக்காத ஒற்றை நாடா, இடுப்பு வார் ஆகாது. பையை மாட்டியதும் முதலில் இடுப்பு வார், பிறகு தோள் வார், கடைசியில் மார்பு வார் என்ற வரிசையில் இறுக்குங்கள்.

மூன்றாவது கேள்வி: துணி, தையல், ஜிப் எப்படி?

பையின் சீட்டில் 210D, 420D, 600D என்று போட்டிருக்கும். D என்பது டெனியர். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ, அதுதான் அந்த நூலின் டெனியர். எண் ஏற ஏற நூல் தடிமன். அதற்காக எண் பெரிதாக இருப்பதுதான் உறுதி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஒரே டெனியரில் பார்த்தால், உரசலைத் தாங்குவதில் பாலியெஸ்டரைவிட நைலான் மேல். பாறையிலும் தரையிலும் உரசும் அடிப்பாகம் தடித்த துணியாக இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

பிறகு பையை உட்புறமாகத் திருப்புங்கள். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. துணி ஓரங்கள் நாடா வைத்து மடித்துத் தைத்திருக்கிறதா, பிசிர் பிசிராகத் தொங்குகிறதா? தோள்வார் பையோடு சேரும் இடத்தில் நெருக்கமான குறுக்குத் தையல் இருக்கிறதா, ஒரே ஓட்டமாக ஓட்டிவிட்டிருக்கிறார்களா? என் 59 வெள்ளிப் பை பிய்ந்தது அங்கேதான். துணி கிழியவில்லை, தையல் விட்டது. கிள்ளானில் ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்து காலணி தைக்கும் பெரியவரிடம் பிறகு அதைக் காட்டினேன். "தம்பி, இதிலே நூல் பிடிக்கத் துணியே விடலியே. ஓரத்திலேயே ஓட்டியிருக்காங்க. நான் எங்கே தைக்கிறது?" என்றார்.

ஜிப் தடிமனாக, மூலையில் திரும்பும்போதும் சிக்காமல் ஓட வேண்டும். பல பைகளில் YKK என்ற எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். 1934-இல் ஜப்பானில் தொடங்கிய நிறுவனம் அது. அதற்கும் போலி உண்டு என்பதால், எழுத்தைப் பார்ப்பதோடு நிற்காமல் பத்து முறை திறந்து மூடிப் பாருங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒன்று

குளிர்நாடுகளில் எழுதப்படும் ஆலோசனைகளில் அதிகம் பேசப்படாத ஒரு சங்கதி இருக்கிறது. பையின் உள்பக்கம் தண்ணீர் புகாமலிருக்கப் பாலியூரித்தேன் பூசியிருப்பார்கள். நம் ஊர் வெப்பமும் ஈரமும் சேர்ந்து அந்தப் பூச்சை மெல்ல மெல்லச் சிதைக்கும். அலமாரியில் ஓராண்டு கிடந்த பையை எடுத்தால் உள்ளே பிசுபிசுவென்று ஒட்டும். புளித்த வாடை வரும். பொருக்குப் பொருக்காக உதிரும். நடந்து தேய்ந்த பைகளைவிடச் சும்மா கிடந்து கெட்ட பைகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மலையிலிருந்து வந்ததும் பையைத் துடைத்து, நிழலில் நன்றாகக் காய வைத்து, காற்றாடும் இடத்தில் தொங்கவிடுங்கள். கார் பின்பெட்டியில் போட்டு வைக்காதீர்கள்.

பண்டல் கடைகளில் நல்ல நிறுவனப் பைகள் மலிவாகக் கிடைப்பது உண்மைதான். நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் கையை உள்ளே விட்டுத் தடவி, முகர்ந்து பார்த்த பிறகே காசை எடுங்கள்.

'வாட்டர்ப்ரூஃப்' என்ற சொல்லையும் முழுதாக நம்ப வேண்டாம். துணி தடுத்தாலும் ஊசித் துளை வழியாகவும் ஜிப் வழியாகவும் தண்ணீர் இறங்கும். தடித்த கறுப்புக் குப்பைப்பை ஒன்றைப் பைக்குள் விரித்து, அதற்குள் பொருள்களை வைத்து வாயை முறுக்கிவிடுங்கள். சில காசுதான் செலவு. நுவாங்கில் அன்று நான் இதைச் செய்திருந்தால் மாற்றுத் துணியாவது நனையாமல் இருந்திருக்கும்.

விமானத்திலும் இதே பைதானா?

மருமகன் கேட்ட நல்ல கேள்வி இது. ஆண்டு இறுதியில் அக்காவோடு திருச்சிக்குப் போய், அறுபடை வீடுகளைச் சுற்றி வரும் எண்ணம் அவனுக்கு உண்டு. ஏர் ஏசியாவில் கட்டணமில்லாமல் கையில் கொண்டுபோகும் பை 56 x 36 x 23 செண்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். சிறு கைப்பையும் சேர்த்து மொத்தம் 7 கிலோ. விதி மாறக்கூடும் என்பதால் டிக்கெட் எடுக்கும்போது ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். இங்கே பையின் சொந்த எடையையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெறும் பையே 1.8 கிலோ என்றால், 7 கிலோவில் கால்வாசி அங்கேயே போய்விட்டது.

கடையில் நாங்கள் செய்தது

வெறும் பை எந்த முதுகிலும் சுகமாகத்தான் இருக்கும். அதனால் 1.5 லிட்டர் தண்ணீர் போத்தல் நான்கைக் கையோடு கொண்டுபோனோம். ஆறு கிலோ. கடைப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, ஒவ்வொரு பையிலும் அவற்றை வைத்து, கடைக்குள்ளேயே பத்து நிமிடம் நடக்கச் சொன்னேன். மருமகனுக்கு வெட்கம். "மாமா, எல்லாரும் பார்க்கிறாங்க" என்றான். "மலையிலே யாரும் பார்க்க மாட்டாங்க, நட" என்றேன். அவன் ஆசையாக எடுத்த முதல் பை மூன்றாவது நிமிடத்திலேயே கழுத்தைக் கடித்தது. நான்காவது பை பொருந்தியது. 38 லிட்டர், 1.3 கிலோ, உயரம் 55 செண்டிமீட்டர். போன ஆண்டு நிறம் என்பதால் விலை குறைத்து 239 வெள்ளி.

விலைச் சீட்டைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது. எனக்குப் புரிந்தது. வேலைக்குப் போய் ஓராண்டுதான் ஆகிறது. பிடிபிடிஎன் கடன் மாதாமாதம் போகிறது; வீட்டுக்கும் கொடுக்கிறான். அவனிடம் ஒரு கணக்கைச் சொன்னேன். என் 59 வெள்ளிப் பை ஏழு நடையில் முடிந்தது; நடைக்கு எட்டு வெள்ளிக்கு மேல். இந்தப் பையை மாதம் ஒருமுறை எடுத்து, ஐந்து ஆண்டு ஒழுங்காக வைத்திருந்தால் அறுபது நடை. நடைக்கு நான்கு வெள்ளி. விலை கூடிய பைதான் மலிவு.

ஆனால் இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு: அறுபது முறை போக வேண்டும். கினபாலுவோடு மலையேற்றம் முடிந்துவிடும் என்றால், யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். ஞாயிறு காலை பூங்காவில் நடக்கப் பள்ளிக்கூடப் பையே போதும். பைக்காக யாரும் கடன் வாங்க வேண்டாம். மருமகன் கொஞ்சம் யோசித்தான். "போவேன் மாமா" என்றான். 100 வெள்ளியை நான் போட்டேன். பாக்கியை அவனே கட்டினான்.

வீட்டுக்கு வந்து அடுக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தேன். இலேசான துணிகள் அடியில், கனமானவை முதுகை ஒட்டி, தோள்பட்டைகளுக்கு இடையே, மழைச்சட்டை மேலே. மருந்து, விளக்கு, விசில், இனிப்பு ஆகியவை மட்டும் இருட்டிலும் கை தானாகப் போய் எடுக்கும் வெளிப்பையில்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் எதுவும் பேசவில்லை. எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் இரண்டு மைலோ பொட்டலம். மருமகனின் இடுப்பு வார்ப் பையில் தாமே வைத்து ஜிப்பை மூடினார். "ஒன்னு உனக்கு" என்றார். "இன்னொன்னு வழியிலே யாருக்காவது தேவைப்படும்."

அடுத்த வாரம் சந்திப்போம்.