வார்டன் எப்போது தூங்குவார்?

ஹாஸ்டலில் இருந்தவர்களிடம் வார்டனைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு கதை வரும். பத்து நிமிஷம் லேட்டாக வந்ததற்கு கேட்டுக்கு வெளியே நிற்க வைத்த கதை, ரூமில் ஒளித்து வைத்த வாட்டர் ஹீட்டரைப் பிடுங்கிக்கொண்டு போன கதை, லீவ் லெட்டரில் அப்பா கையெழுத்து மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்த கதை. பத்தில் ஒன்பது கதையில் வார்டன்தான் வில்லன். தமிழ் சினிமாவும் தன் பங்குக்கு அவரைச் சிடுமூஞ்சியாகவோ காமெடி பீஸாகவோ காட்டிக்கொண்டே இருக்கிறது.

இத்தனை கதையிலும் வராத ஒரு விஷயம் உண்டு. ராத்திரி ஒரு மணிக்குத் தட்டினாலும் கதவைத் திறக்கிறாரே, அந்த மனுஷி எப்போது தூங்குகிறார்?

நக்கலுக்காகக் கேட்கும் கேள்வி இல்லை இது. 2009-ல் பல்கலைக்கழக மானியக் குழு ராகிங் தடுப்பு விதிமுறைகளைக் கொண்டு வந்தது. அதில் வார்டனைப் பற்றியும் சொல்லியிருக்கிறது. முழுநேர வார்டன் இருக்க வேண்டும். எல்லா நேரமும் மாணவர்கள் அவரை அணுக முடிய வேண்டும். அதற்காக நிர்வாகமே மொபைல் போன் வாங்கிக் கொடுத்து, அந்த நம்பரை ஹாஸ்டலில் எல்லோருக்கும் தெரியப்படுத்த வேண்டும். நல்ல விதிதான். 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகுதான் 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங்குக்கு எதிராகத் தனிச் சட்டம் வந்தது. அந்த மாதிரி ராத்திரிகளில் கூப்பிட ஒரு நம்பர் இருந்தே ஆக வேண்டும். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது.

ஆனால் "எல்லா நேரமும்" என்ற வார்த்தையை ஒரு காமர்ஸ் ஸ்டூடன்ட் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால் வாரத்துக்கு 168 மணி நேரம் வருகிறது. பி.காம் தொழில் சட்டப் பேப்பரில் எல்லோரும் மனப்பாடம் செய்த 1948 தொழிற்சாலைச் சட்டம், ஒரு தொழிலாளிக்கு வாரம் 48 மணி நேரம், ஒரு நாள் லீவு என்று எழுதி வைத்தது. 168-ல் 48 போனால் மீதி 120. அந்த 120 மணி நேரம் யார் கணக்கு? போன் யார் வாங்கித் தர வேண்டும் என்பது வரை யோசித்தவர்கள், அந்தப் போனை இரண்டு பேர் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாமே என்று யோசித்ததாகத் தெரியவில்லை.

சரி, வார்டன் என்பவர் யார்? பல கல்லூரிகளில் பெயருக்கு வார்டனாக இருப்பவர் ஒரு பேராசிரியர். காலையில் கிளாஸ், மதியம் இன்டர்னல் பேப்பர் திருத்தல், நடுவில் நாக் கமிட்டி ஃபைல், இவற்றோடு "அடிஷனல் சார்ஜ்" என்று ஹாஸ்டலும். அவருக்குக் கீழே உள்ளேயே தங்கியிருக்கும் டெபுடி வார்டன் அல்லது மேட்ரன் ஒருவர் இருப்பார். உண்மையில் ஹாஸ்டலை ஓட்டுபவர் இவர்தான். இவருடைய ரூம் பெரும்பாலும் மெயின் கேட்டுக்குப் பக்கத்தில், விசிட்டர் பெஞ்சை ஒட்டியே இருக்கும். அதாவது வீடும் ஆபீஸும் ஒன்று. கதவைச் சாத்தினால் வீடு, திறந்தால் ஆபீஸ். எப்போது திறக்கும் என்பது அவர் கையில் இல்லை.

காலையில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்பதில் ஆரம்பிக்கும். உப்புமாவில் புழு என்று தட்டைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் வருவார்கள். பெண்ணின் போன் ஸ்விட்ச் ஆஃப் என்று ஊரிலிருந்து அம்மா அழைப்பார் (பெண் தூங்கிக்கொண்டிருப்பாள்). ராத்திரி அட்டெண்டன்ஸில் ஒருத்தி குறைவாள். தேடினால் மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்திருப்பாள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் அரை மணி நேரம் இருந்து, கீழே கூட்டிக்கொண்டு வர வேண்டும். அன்றைக்கு அந்த ஹாஸ்டலில் நடந்ததிலேயே முக்கியமான வேலை அதுதான். அதை எழுதி வைக்க எந்த ரெஜிஸ்டரிலும் காலம் கிடையாது. மோட்டார் ரிப்பேருக்காவது வவுச்சர் உண்டு.

இதை வருஷக்கணக்கில் செய்யும் ஆளுக்கு என்ன ஆகும்? அதற்கு 1974-லிலேயே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். நியூயார்க்கில் போதைப் பழக்கத்தில் சிக்கியவர்களுக்கான இலவச கிளினிக்கில் வேலை பார்த்த ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், தன்னோடு அங்கே ஆர்வமாக உழைத்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகிப் போவதைப் பார்த்து "பர்ன் அவுட்" என்று எழுதினார். கவனிக்க வேண்டியது, அவர் பார்த்தது சம்பளத்துக்கு ஏதோ வேலை செய்தவர்களை இல்லை. அடுத்தவர் கஷ்டத்தைத் தன் கஷ்டமாக எடுத்துக்கொண்டவர்களை. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11-வது பதிப்பில் இதைச் சேர்த்தபோது, இது நோய் இல்லை, சரியாகக் கையாளப்படாத தொடர்ச்சியான வேலை அழுத்தத்தால் வரும் நிலை என்று தெளிவாகவே சொன்னது. அதற்கு மூன்று அடையாளம் சொன்னார்கள். உடம்பிலும் மனசிலும் சக்தி வற்றிப் போவது, செய்யும் வேலையிலிருந்து மனசு விலகி எரிச்சலும் அலட்சியமும் வருவது, தன்னால் இந்த வேலையை ஒழுங்காகச் செய்ய முடியவில்லை என்று ஆகிவிடுவது.

அந்த இரண்டாவது அடையாளத்தை இன்னொரு தடவை படியுங்கள். எரிச்சல், அலட்சியம். ஹாஸ்டல் கதைகளில் வரும் வில்லன் வார்டன் இவர்தானே! ஜுரம் என்றால் "நடிக்காதே" என்கிறவர், அழுதால் "எல்லாம் பரீட்சை பயம்" என்கிறவர், எதற்கும் "காலைல பாத்துக்கலாம், போய்ப் படு" என்கிறவர். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அவர் இப்படி இருந்திருப்பாரா? சிலர் இருந்திருக்கலாம். சுபாவத்திலேயே கடுமையானவர்கள், ஜாதி பார்ப்பவர்கள், பெண்பிள்ளைகள் என்றாலே சந்தேகப்படுபவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாக் கடுமையும் சுபாவம் இல்லை. முந்நூறு பேர் தட்டும் கதவுக்குப் பின்னால் ஒரே ஆளை வருஷக்கணக்கில் உட்கார வைத்தால் அந்த மனசு மரத்துப் போகத்தான் செய்யும்.

இதில் பாதிக்கப்படுவது வார்டன் மட்டும் என்றால் அது அவர் பிரச்சினை என்று விட்டுவிடலாம் (விடக் கூடாது, ஒரு பேச்சுக்கு). நூறு பேர் சாதாரண விஷயத்துக்கு வந்து போன கதவுக்கு நூற்றியோராவதாக ஒருத்தி நிஜமாகவே முடியாமல் வருவாள். அவள் நேரடியாக எதுவும் சொல்ல மாட்டாள். தலை வலிக்கிறது, மாத்திரை இருக்கா மேடம் என்பாள். தூக்கம் கிடைத்த மனுஷிக்கு அந்தக் குரலில் இருக்கும் வித்தியாசம் தெரியும். மூன்று நாளாகத் தூங்காதவர் மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவார். தப்பு யாருடையது?

2025 ஜூலையில் மாணவர் தற்கொலைகள் தொடர்பாக உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. ஹாஸ்டல் உள்ள கல்வி நிறுவனங்களில் பாதுகாப்பான மின்விசிறி பொருத்துவது, ஆசிரியர்களுக்கும் மற்ற ஊழியர்களுக்கும் வருஷத்துக்கு இரண்டு முறையாவது மனநல முதலுதவிப் பயிற்சி கொடுப்பது என்றெல்லாம் அதில் இருக்கிறது. அவசியமான உத்தரவு. ஆனால் அபாய அறிகுறிகளைக் கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுத்துவிட்டு, அதைப் பார்க்கும் கண்ணுக்குத் தூக்கம் கொடுக்காவிட்டால்?

நிர்வாகங்களுக்கும் இது தெரியாமல் இல்லை. அதனால்தான் இப்போது "ஸ்டாஃப் வெல்னஸ்" என்று ஒரு நாள் புரோகிராம் போடுகிறார்கள். யோகா மாஸ்டர் வந்து மூச்சுப் பயிற்சி, பவர்பாயின்ட்டில் தாமரைப் பூ, "உங்களை நீங்களே நேசியுங்கள்", கடைசியில் சமோசா, டீ, குரூப் போட்டோ. யோகாவைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் புரோகிராம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில் நடக்கும். வார்டனுக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஒரே ஓய்வு நாளும் அதில் போய்விடும் :) தன்னைப் பார்த்துக்கொள் என்று ஒருவரிடம் சொல்வதற்கு முன்னால் அதற்கு நேரத்தைக் கையில் கொடுக்க வேண்டாமா? ஹாஸ்டல் ஜெனரேட்டருக்கு வருஷா வருஷம் மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட் போடுகிறார்கள், தேய்மானம் கழிக்கிறார்கள். ஜெனரேட்டரிடம் போய் "பாசிட்டிவாக இரு" என்று யாரும் சொல்வதில்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இந்த வேலையில் ஒரு பங்கை ரெசிடென்ட் அசிஸ்டன்ட் என்று சீனியர் மாணவர்களே செய்கிறார்கள். சம்பளத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் இலவச ரூம், சாப்பாடு. அங்கேயும் பர்ன் அவுட் உண்டு, புலம்பல் உண்டு. ஆனால் இன்றைக்கு டூட்டி யார் என்று முறை வைத்து ஒரு பட்டியல் இருக்கும். 2002-ல் மாசசூசெட்ஸ் ஆம்ஹெர்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் இவர்கள் ஓட்டுப் போட்டுத் தொழிற்சங்கத்திலேயே சேர்ந்தார்கள். இங்கே அந்தப் பேச்சே எழாததற்கு ஒரு காரணம் பாசம். "வார்டன் அம்மா" என்று கூப்பிடுகிறோம் இல்லையா, அம்மாவுக்கு ஏது ஷிப்ட்? வீட்டில் அம்மாவின் வேலைக்குக் கணக்கு கிடையாது, அதே வசதி ஹாஸ்டலுக்கும் தொற்றிக்கொண்டது.

அம்மா என்று கூப்பிடாத ஊழியர்கள் கதி இன்னும் மோசம். காலை டிபனுக்கு விடிவதற்கு முன்னாலேயே அடுப்பைப் பற்ற வைக்கும் மெஸ் மாஸ்டர் ராத்திரி சப்பாத்தி முடிந்து பாத்திரம் கழுவும் வரை இருப்பார். ஏஜென்சி மூலம் வரும் வாட்ச்மேனுக்குப் பல இடங்களில் 12 மணி நேர டூட்டி, ரிலீவர் வராவிட்டால் அப்படியே டபுள். 2021-ல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்திருத்தம் வந்தது. ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றவர்களுக்கு அது பெரிய விஷயம். ஹாஸ்டல் கேட்டில் ராத்திரி முழுக்க இருப்பவருக்குக் கைப்பிடி உடைந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

செலவாகுமே என்பார்கள். ஆகும். எவ்வளவு ஆகும் என்று பார்த்துவிடலாம். 300 பேர் இருக்கும் ஹாஸ்டலுக்கு மாசம் 18,000 ரூபாய் சம்பளத்தில் கூடுதலாக ஒரு டெபுடி வார்டன் போடுவதாக வைத்துக்கொள்வோம். தலைக்கு மாசம் 60 ரூபாய். கேன்டீனில் நாலைந்து டீ. அந்தப் பணத்தில் வாரத்தில் பாதி ராத்திரி ஒருவர் போனை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, கேட்டிலிருந்து தள்ளியிருக்கும் ஒரு ரூமில் தூங்கலாம். வாரத்துக்கு ஒரு நாள் சொந்த ஊருக்குப் போகலாம். செமஸ்டர் லீவில் ரெஸ்ட் எடுக்கட்டுமே என்பது சரிப்படாது. ஒயிட்வாஷ், கட்டில் எண்ணிக்கை, ஸ்டாக் செக்கிங் எல்லாம் அப்போதுதான் நடக்கும். ஊருக்குப் போகாத ரிசர்ச் ஸ்காலர்களும் இருப்பார்கள்.

மாணவர்கள் பக்கமும் கொஞ்சம் உண்டு. வைஃபை பாஸ்வேர்டுக்கும் பூட்டிய அலமாரிக்கும் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தட்ட வேண்டியதில்லை. மயக்கம், ரத்தம், ராகிங், காணாமல் போன ஆள், தனியாக இருக்க விடக்கூடாத தோழி, இதற்கெல்லாம் யோசிக்காமல் தட்ட வேண்டும். அரசின் டெலி மனஸ் 14416 எண் மாணவர்களுக்கு மட்டுமானது இல்லை. வார்டனும் வாட்ச்மேனும்கூடக் கூப்பிடலாம். நோட்டீஸ் போர்டில் ஒட்டும்போது ஸ்டாஃப் ரூமிலும் ஒன்று ஒட்டினால் குறைந்தா போய்விடும்?

டிவைடிங் சிஸ்டம் மெஸ் பில்லில் "எஸ்டாபிளிஷ்மென்ட் சார்ஜ்" என்று ஒரு வரி வரும், பார்த்திருப்பீர்கள். ஊழியர் சம்பளம் அதிலிருந்துதான் போகும். மெஸ் கமிட்டி மீட்டிங்கில் வழக்கமாக அது ஏன் இவ்வளவு அதிகம் என்றுதான் சண்டை நடக்கும். அடுத்த தடவை ராத்திரி டூட்டிக்கு எத்தனை பேர் என்றும் சேர்த்துக் கேட்கலாம். "ஒருத்தர்தான்" என்று பதில் வந்தால், அவருக்கு ஜுரம் வந்தால் அன்றைக்குப் போன் யாரிடம் இருக்கும் என்று கேட்டு, அதை மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள்.