பற்ற வைப்பதும், பற்ற வைக்க மறுப்பதும்

எங்கள் வீட்டு அலுமினியக் குண்டானின் காது முறிந்து ஒரு மாதமாகிறது. "எங்கேயாவது பற்ற வைத்துக்கொண்டு வாருங்களேன்" என்று என் இல்லத்தரசி சொல்லாத நாளில்லை. ஈயம் பூசுகிறவரிடம் எடுத்துப் போனேன். "அலுமினியமா? நம்மாலே ஆகாது, சார்" என்று கையை விரித்துவிட்டார். ஏன் ஆகாது என்ற கேள்விக்கு விடை, சென்ற ஞாயிற்றுக்கிழமை முட்டுக்காட்டில் கிடைத்தது.

குழந்தைகளைப் படகுச் சவாரிக்கு அழைத்துப் போயிருந்தேன். 1984 முதல் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அங்கே படகு விட்டு வருகிறது அல்லவா? சவாரி முடிந்ததும் குழந்தைகள் சுண்டலுக்காகத் தாயாரை முற்றுகையிட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து நான் நழுவினேன்.

சற்றுத் தள்ளி ஒரு கீற்றுக் கொட்டகை. ஆர்கான் வெல்டிங் பட்டறை. வாசலில் ஒரு பெரியவர். அவர் காலடியில் பழைய படகு மோட்டார் ஒன்று, கரையில் போட்ட மீனைப் போலக் கிடந்தது. பக்கத்தில் அவருடைய பேரன், இருபது வயதிருக்கும்.

"எடைக்குப் போட்டுடலாம் தாத்தா, சொன்னா கேளு" என்றான் பேரன்.

"உங்கப்பன் வாங்கினதுடா" என்றார் பெரியவர். அதற்குமேல் பேசவில்லை.

விசாரித்தேன். மோட்டாருக்கு வயது நாற்பதுக்கு மேல். வாங்கிய மகன் காலமாகிவிட்டார். 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமியில் படகு போய்விட்டது. மோட்டார் மட்டும் மணலில் புதைந்து கிடந்து அகப்பட்டதாம். கழற்றிக் கழுவி, மறுபடி பல வருஷம் ஓட்டியிருக்கிறார். இப்போது படகோடு பிணைக்கும் பிராக்கெட் உடைந்து இரண்டாகிவிட்டது.

படகின் பின்புறம் மாட்டிக் கழற்றும் இந்த மோட்டாரைப் பற்றி ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் குடியேறிய நார்வேக்காரர் ஓலே எவின்ரூட், தம் காதலிக்காக ஏரியில் துடுப்புப் போட்டுப் போய் ஐஸ்கிரீம் வாங்கி வந்தாராம். கரை சேர்வதற்குள் அது உருகிவிட்டதாம்! 1909-ல் அவருடைய மோட்டார் விற்பனைக்கு வந்தது. ஐஸ்கிரீமுக்காகப் பிறந்ததோ என்னவோ, நம் கரையில் அது மீனுக்காக உழைக்கிறது.

மேஸ்திரி பிராக்கெட்டைக் கையிலெடுத்தார். எண்ணெயும் உப்பும் போகக் கழுவி, எவர்சில்வர் பிரஷ்ஷால் தேய்த்தார். விரிசல் ஓடிய இடத்தின் முனையில் சின்னத் துளை போட்டார். விரிசல் மேலே ஓடாதிருக்க அது தடை. உடைந்த விளிம்புகளைச் சாய்வாக ராவினார்.

"அலுமினியம் ஏன் ஒட்டுவதில்லை?" என்று கேட்டேன்.

"அது மேலே கண்ணுக்குத் தெரியாம ஒரு தோல் இருக்கு சார். அலுமினியம் 660 டிகிரியிலே உருகிடும். தோலு உருக 2,000-க்கு மேலே வேணும். இரும்பு மாதிரி சிவந்து காட்டவும் காட்டாது. பார்த்துக்கிட்டே இருப்பீங்க, திடீர்னு ஒழுகிடும்!"

ஆர்கான் வாயு காற்றை விலக்கி நிற்க, மின்சாரப் பொறி அந்தத் தோலை உடைக்குமாம். பிராக்கெட்டை முதலில் மெல்லச் சூடாக்கி, பிறகு பற்ற வைத்து, நிதானமாக ஆறவிட்டார். பெரியவர் முகம் மலர்ந்தது.

அடுத்து, மேஸ்திரி மோட்டாரின் மூடியைத் திறந்து ஃப்ளைவீலைத் துடைத்துப் பார்த்தார். சாவி வெட்டின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடு.

"இதையும் பற்ற வைத்துவிடப்பா" என்றார் பெரியவர்.

"மாட்டேன், ஐயா."

"கூலி கூடத் தரேன்."

"கூலிக்கில்லே. பிராக்கெட் மறுபடி முறிஞ்சா மோட்டார் தண்ணியிலே விழும். சங்கிலி போட்டுக் கட்டினா அதுவும் விழாது. இது நிமிஷத்துக்கு 5,000 சுத்துக்குப் பக்கத்திலே சுத்தறது. நடுக்கடல்லே தெறிச்சா, பக்கத்திலே உட்கார்ந்திருக்கிறவன் கதி? வேற ஃப்ளைவீல் கொண்டாங்க, மாட்டித் தரேன்."

கொட்டகையில் சற்று நேரம் பேச்சில்லை. மேஸ்திரி தணிந்த குரலில், வேலை முடிந்ததும் மோட்டாரை நல்ல தண்ணீரில் ஓடவிட வேண்டும், துத்தநாகக் கட்டியைத் தேயத் தேய மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். உப்புநீர் முதலில் துத்தநாகத்தைத் தின்னும், அலுமினியம் தப்பும். 1824-லேயே ஹம்ப்ரி டேவி என்ற இங்கிலீஷ் விஞ்ஞானி, கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்க இந்த யுக்தியைச் சொல்லியிருக்கிறார்.

பெரியவர் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. மோட்டாரைத் தடவிக்கொண்டே இருந்தார். எடைக்குப் போடச் சொன்ன பேரன்தான் எழுந்தான். சட்டைப் பையிலிருந்து சிட்டையை எடுத்து, ஃப்ளைவீலின் அளவையும், மோட்டாரின் மேல் பொறித்திருந்த எண்ணையும் குறித்துக்கொண்டான்.

"நாளைக்குக் காசிமேட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன், தாத்தா. பழசு ஏதாவது அகப்படும்" என்றான்.

நான் திரும்பியபோது சுண்டல் தீர்ந்திருந்தது, இல்லத்தரசியின் பொறுமையும்தான். "குண்டானை இங்கே கொண்டுவந்தால் பற்ற வைத்துத் தருவார்கள்" என்றேன்.

"பஸ் சத்தத்துக்குப் புதுசே வாங்கலாமே!" என்றாள் அவள்.

நியாயந்தான். ஆனால் அந்தக் குண்டான் அவள் அம்மா கொடுத்தது. அதை நான் ஞாபகப்படுத்தியதும் மறுபேச்சுப் பேசவில்லை.