எழுதியவர் சிறையில், வாசித்தவர் எங்கே?

எழுதியதற்காக ஒருவர் கைது செய்யப்பட்டார் என்ற செய்தி வந்ததும் நமது நாட்டில் முதலில் எழும் கேள்வி, "அவர் யாருடைய ஆள்?" என்பதாகும். "அவர் என்ன எழுதினார்?" என்ற கேள்வி வெகு தாமதமாகவே வருகிறது. பல சமயங்களில் வருவதேயில்லை. எழுத்தாளர்களையும் பத்திரிகையாளர்களையும் துன்புறுத்துவோருக்கு இந்த ஒரு பழக்கமே பெரும் பக்கபலமாக அமைந்துவிடுகிறது என்பது, நீண்டகாலம் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் எனது அபிப்பிராயம்.

கொல்லப்பட்டவர்களின் பட்டியலை நான் இங்கு விரிக்கப் போவதில்லை. ரிச்சர்ட் டி சொய்சா (1990), மயில்வாகனம் நிமலராஜன் (2000), ஐயாத்துரை நடேசன் (2004), தராக்கி சிவராம் (2005), லசந்த விக்கிரமதுங்க (2009) ஆகிய பெயர்களை வாசகர்கள் அறிவார்கள். அக்கொலைகளை எவரும் பகிரங்கமாக நியாயப்படுத்துவதில்லை. ஆனால், சட்டத்தைக் கொண்டு செய்யப்படும் துன்புறுத்தல் அப்படியானதல்ல. அதற்குக் கோவை இலக்கம் உண்டு; நீதிமன்றத் திகதி உண்டு. "சட்டம் தன் கடமையைச் செய்யட்டும்" என்று கூறிவிட்டு ஒதுங்கிக்கொள்ள எல்லோருக்கும் வசதியும் உண்டு. அத்தகைய மூன்று வழக்குகளை இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

மூன்று வழக்குகள்

முதலாமவர் ஆங்கிலத்தில் எழுதிய தமிழரான ஜே. எஸ். திஸ்ஸநாயகம். 2008 மார்ச் 7 ஆம் திகதி பயங்கரவாதப் புலனாய்வுப் பிரிவினர் அவரைக் கைது செய்தனர். குற்றப்பத்திரம் தாக்கலாவதற்கு ஐந்து மாதங்களுக்கு மேல் சென்றது. 'நோர்த் ஈஸ்டர்ன் மந்த்லி' என்ற சஞ்சிகையில் 2006 இல் அவர் எழுதிய இரு கட்டுரைகளும், அச்சஞ்சிகையை நடத்துவதற்கு நிதி திரட்டியமையும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் குற்றங்களாக்கப்பட்டன. தம்மிடம் வலுக்கட்டாயமாகப் பெறப்பட்டது என்று அவர் கூறிய ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அச்சட்டத்தின்படி வாக்குமூலம் சுயவிருப்பின்றிப் பெறப்பட்டது என்பதை நிரூபிக்கும் பொறுப்பு எதிரியையே சாரும். 2009 ஓகஸ்ட் 31 இல் கொழும்பு மேல் நீதிமன்றம் அவருக்கு இருபது வருடக் கடூழியச் சிறைத்தண்டனை விதித்தது.

இரண்டாமவர் சிங்களத்தில் எழுதும் சிங்களவரான ஷக்திக சத்குமார. பௌத்த விகாரை வாழ்க்கையைப் பின்னணியாகக் கொண்ட அவரது 'அர்த்த' என்ற சிறுகதை முகநூலில் வெளியானது. பிக்குகள் சிலர் முறையிட, 2019 ஏப்ரல் 1 இல் அவர் கைதானார். பயன்படுத்தப்பட்ட சட்டம் எதுவென்பது கவனிக்கத்தக்கது. குடிசார், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைக்குச் செயல்வடிவம் கொடுப்பதற்காக 2007 இல் நிறைவேற்றப்பட்ட 56 ஆம் இலக்கச் சட்டமே அது. உரிமைகளைக் காப்பதற்கென வந்த சட்டம் ஒரு கதாசிரியரைச் சிறைக்கு அனுப்பியது. அதன் கீழ் பிணை வழங்கும் அதிகாரம் நீதவானுக்கு இல்லை, மேல் நீதிமன்றத்துக்கே உண்டு. எனவே ஒரு கற்பனைக் கதைக்காக அவர் ஏறத்தாழ நான்கு மாதங்கள் விளக்கமறியலில் கிடந்தார். 2021 பெப்ரவரியில் வழக்கு கைவிடப்பட்டது.

மூன்றாமவர் தமிழில் எழுதும் முஸ்லிம் இளங்கவிஞரான அஹ்னாப் ஜஸீம். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின்னரான அச்சச் சூழலில், 2020 மே 16 ஆம் திகதி மன்னார் மாவட்டத்தின் சிலாவத்துறையில் கைது செய்யப்பட்டார். 2017 இல் அவர் வெளியிட்ட 'நவரசம்' என்ற கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைப் போதிக்கிறது என்பது குற்றச்சாட்டு. ஏறத்தாழ பத்தொன்பது மாதங்களின் பின்னர், 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பர் 12 இல் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

வாசிக்கத் தெரியாதவர்கள்

இந்த மூன்றாவது வழக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அத்தொகுதியின் சில கவிதைகளுக்குச் செய்யப்பட்ட சிங்கள மொழிபெயர்ப்பை வைத்தே புலனாய்வாளர்கள் முடிவுக்கு வந்தனர். தமிழறிந்த விமர்சகர்களும் மனித உரிமை அமைப்புகளும் மூலத்தைப் படித்து, அக்கவிதைகள் போரையும் வன்முறையையும் கண்டிப்பவை என்று எடுத்துக்காட்டினர். 'நவரசம்' என்ற தலைப்பே தமிழ் வாசகனுக்கு ஒரு குறிப்பை வழங்கியிருக்கும். கோபமும் வீரமும் அச்சமும் அருவருப்பும் ஒன்பது சுவைகளுள் அடங்குபவை. கோபத்தைப் பாடுவது வேறு. கோபத்தைத் தூண்டுவது வேறு. இந்த வேறுபாடு தமிழில் ஓரளவு பயிற்சியுள்ள ஒரு பாடசாலை மாணவனுக்கே தெரியும். அதை நீதிமன்றத்தில் நிலைநாட்ட மூன்றரை ஆண்டுகள் தேவைப்பட்டன.

விடுதலை கிடைத்துவிட்டதே என்று ஆறுதல் கொள்வோர் உண்டு. திஸ்ஸநாயகமும் 2010 ஜனவரியில் பிணையில் வந்து, அவ்வருடம் மே 3 ஆம் திகதி, உலக பத்திரிகைச் சுதந்திர தினத்தன்று, ஜனாதிபதியின் பொதுமன்னிப்பு அறிவிக்கப்பெற்றார். அவர் வெளியே வந்தது மகிழ்ச்சிக்குரியதுதான். ஆனால், மன்னிப்பு என்பது குற்றம் செய்தவனுக்கு வழங்கப்படுவது. அவ்விரு கட்டுரைகளும் குற்றமே அல்ல என்று மேல்நிலை நீதிமன்றம் எதுவும் சொல்லவில்லை. மற்ற இருவரைப் பொறுத்தவரையில், வழக்கு முடிவடைவதற்கு முன்னரே தண்டனை அனுபவித்து முடிந்துவிட்டது. அவர்களைப் பார்த்துப் பேனாவை மூடி வைத்தவர்கள் எத்தனை பேரோ, அவர்களுக்கு எந்த நீதிமன்றமும் பிணை வழங்க முடியாது.

நமது பக்கமும் உண்டு

இதனை அரசாங்கத்தின் குற்றமாக மாத்திரம் எழுதி முடித்துவிட்டால் நான் பாதி உண்மையையே எழுதியவனாவேன். 'முறிந்த பனை' நூலை எழுதிய நால்வருள் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21 இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். கவிஞரும் யாழ். பல்கலைக்கழக மாணவியுமான செல்வி 1991 ஓகஸ்டில் விடுதலைப் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார்; திரும்பி வரவில்லை. அவர்களுக்கு நீதிமன்றத் திகதிகூட இருக்கவில்லை. "அவர் யாருடைய ஆள்?" என்ற அதே கேள்விதான் அன்றும் கேட்கப்பட்டது. நிமலராஜனுக்காகக் குரல் எழுப்பும் நாம் செல்வியின் பெயரை விழுங்கிவிடுவோமாயின், நாம் பாதுகாப்பது எழுத்தை அல்ல, நமது அணியை.

எழுத்தாளன் சட்டத்துக்கு மேற்பட்டவனா என்று கேட்கப்படலாம். இல்லை. அவதூறு எழுதினால் நட்டஈடு கோரிக் குடியியல் வழக்குத் தொடரலாம். பிழையான செய்திக்குத் திருத்தம் கோரலாம். வன்முறையைத் தூண்டினார் என்றால் அதனை அவர் எழுதிய எழுத்தைக் கொண்டே, திறந்த நீதிமன்றத்தில், அம்மொழி அறிந்த சாட்சிகளின் முன்னிலையில் நிரூபிக்க வேண்டும். ஆளைப் பிடித்து அடைத்துவிட்டு, பிறகு வரிகளுக்குள் குற்றத்தைத் தேடுவதையே நாம் எதிர்க்கிறோம்.

செய்ய முடிந்த ஒன்று

நம்மால் என்ன செய்ய முடியும் என்று சலித்துக்கொள்வோருக்கு ஒரு சம்பவத்தை நினைவூட்ட விரும்புகிறேன். 1998 இல் இந்நாட்டின் பத்திரிகை ஆசிரியர்களும் வெளியீட்டாளர்களும் ஊடகவியலாளர்களும் ஒன்றுகூடி, ஊடக சுதந்திரமும் சமூகப் பொறுப்பும் பற்றிய கொழும்புப் பிரகடனத்தை வெளியிட்டனர். குற்றவியல் அவதூறுச் சட்டத்தை நீக்குதல் அதன் பிரதான கோரிக்கைகளுள் ஒன்று. ஆசிரியர்களை அச்சுறுத்துவதற்கு ஆட்சியாளர்கள் கையில் வைத்திருந்த அந்தச் சட்டம் 2002 இல் நாடாளுமன்றத்தினால் நீக்கப்பட்டது. 2003 இல் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு உருவானது. மொழிகள் பிரிந்து நில்லாது ஒரே கோரிக்கையை முன்வைத்ததனால் கிடைத்த பலன் அது.

1979 இல் தற்காலிக ஏற்பாடு என்று கூறிக் கொண்டுவரப்பட்டு, 1982 இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு எதிராக அத்தகைய ஒற்றுமை உரிய காலத்தில் உருவாகியிருந்தால், திஸ்ஸநாயகத்துக்கும் ஜஸீமுக்கும் நேர்ந்தவை நேர்ந்திருக்குமா? இதற்கிடையில் 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் நிறைவேற்றப்பட்டது. எழுதுபவனை நோக்கி நீளும் சட்டங்களின் வரிசை குறையவில்லை.

எனவே எனது வேண்டுகோள் எளியது. இனி ஓர் எழுத்தாளர் கைதாகும் முதல் நாளிலேயே, அவர் எழுதியதைத் தேடி எடுத்து வாசியுங்கள். நமக்குப் பிடிக்காத கருத்தாயினும் முழுமையாக வாசியுங்கள். இரு மொழி அறிந்தவர்கள் அதனைப் பிழையின்றி மற்ற மொழிக்குக் கொண்டு செல்லுங்கள். தமிழ்ப் பத்திரிகைகள் சத்குமாரவின் கதையைத் தமிழ் வாசகருக்குத் தர வேண்டும். சிங்களப் பத்திரிகைகள் ஜஸீமின் கவிதையைச் சிங்கள வாசகருக்குத் தர வேண்டும். மேடைக் கண்டனங்களை விட இது கடினமான வேலை. எனினும் புலனாய்வாளரின் மேசையில் இருக்கும் மொழிபெயர்ப்பு மாத்திரமே நாட்டில் உள்ள ஒரே மொழிபெயர்ப்பாக இருக்கும் நிலையை நாம் மாற்ற முடியும்.