அது நம்ம நூல்கோல்தானய்யா!

"ஜெர்மனியில சைவமா? ஐயோ பாவம், என்னத்தப்பா சாப்பிடுறீங்க?" ஊர்ல இருக்கிற சித்தி கேட்டா சிரிச்சுக்கலாம். இங்கேயே அஞ்சு வருஷமா குப்பை கொட்டுற நம்மாளுங்களும் இதே பாட்டைப் பாடும்போதுதான் பத்திக்கிட்டு வருது.

சனிக்கிழமையானா ரெண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போய், வதங்கின வெண்டைக்காயும் ஐஸ்ல புதைஞ்ச முருங்கைக்காயும் வாங்கிட்டு வர்றாங்க. தெருமுனை வாரச்சந்தையில குவிஞ்சு கிடக்கிற கோல்ராபியைத் திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லை. ஐயா சாமிகளா, அது நம்ம நூல்கோல்! இலையோடவே தர்றாங்க. காய் சாம்பாருக்கு, இலை பொரியலுக்கு. மே மாசம் ருபார்ப் தண்டு வரும். புளிப்புல மாங்காய்க்குச் சளைச்சதில்லை. வெல்லம் போட்டுப் பச்சடி பண்ணிப் பாருங்க. (இலையை மட்டும் தூரப் போட்டுடுங்க, விஷம்.)

"என்ன இருந்தாலும் நம்ம பாரம்பரியம்..."னு நண்பர் ஒருத்தர் இழுத்தார். கேரட்டும் முட்டைக்கோஸும் வெள்ளைக்காரன் ஊட்டியில பயிரிட்டது சார். 'இங்கிலீஷ் காய்'னு எங்க பாட்டி இன்னிக்கும் திவசத்துக்குச் சேர்க்க மாட்டாங்க. மிளகாயே போர்ச்சுகீசியன் கப்பல்ல வந்ததுதான்!

இதுல சமைக்கிறது யாருங்கிறீங்க? ஆபீஸ் முடிஞ்சு வர்ற தங்கமணி. ஐயா குறை மட்டும் சொல்லுவார். முருங்கைக்காய் தீர்ந்துச்சுன்னா குழந்தைக்கு ஃப்ரோசன் பீட்ஸா. நானும் முதல் வருஷம் இந்தக் கேஸுதான், மறைக்கலை :-)

போன வாரம் என் மூணு வயசுப் பொண்ணு சந்தைக்கார அம்மாகிட்ட கோல்ராபியைக் காட்டி "சாம்பார்!"னு கத்தினா. அந்தம்மா சிரிச்சுக்கிட்டே இன்னொண்ணை எடுத்துப் பையில போட்டாங்க.