கேஸ்கட் அடிக்கடி போகிறதா? முதலில் ஹெட்டை அளந்து பாருங்கள்!

“என்னிடம் 3 சிலிண்டர் கொண்ட பழைய டிராக்டர் இருக்கிறது. ஒரே வருடத்தில் இரண்டு முறை ஹெட் கேஸ்கட் மாற்றியும், மறுபடி ரேடியேட்டரில் குமிழி வருகிறது. அடுத்த மாதம் நடவு. அதற்குள் சேற்றுழவு முடிக்க வேண்டும். விலை உயர்ந்த ஸ்டீல் கேஸ்கட் போட்டால் நிற்குமா?”

- வாசகர், லால்குடி.

கேஸ்கட்டை மட்டும் மாற்றினால் நிற்காது. ஹெட்டும் பிளாக்கும் சமமாகப் பொருந்தவில்லை என்றால், எந்த கேஸ்கட்டும் சில மாதங்களில் எரிந்துவிடும். எனவே, அளந்து பார்த்த பிறகு கேஸ்கட் வாங்குங்கள்.

ஹெட்டைக் கழற்றி, கார்பனைச் சுத்தம் செய்யுங்கள். பழைய கேஸ்கட்டில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. கிரைண்டர், கம்பி பிரஷ் வேண்டாம். தண்ணீரில் நனைத்துச் சுரண்டி எடுங்கள்.

பிறகு, ஹெட்டின் மீது நேரான ஸ்டீல் பட்டையை நீளவாக்கில், குறுக்கே, மூலைக்கு மூலை வைத்து, அடியில் ஃபீலர் கேஜைச் செருகிப் பாருங்கள். 0.10 மி.மீ தகடு நுழைந்தால், பெரும்பாலும் ஃபேஸிங் செய்ய வேண்டியிருக்கும். உங்கள் இன்ஜினுக்கான கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. பிளாக்கையும் இப்படியே பாருங்கள். லைனர்களின் மேல் விளிம்பு மூன்றும் கையேட்டில் சொன்ன உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று இறங்கியிருந்தாலும், அந்த இடத்தில் கேஸ்கட்டுக்குப் பிடிப்பு இருக்காது. ஹெட்டில் விரிசல் இருக்கிறதா என்று பட்டறையில் பிரஷர் டெஸ்ட்டும் செய்துவிடுங்கள். விரிசல் விட்ட ஹெட்டை ஃபேஸிங் செய்வது வீண் செலவு.

ஃபேஸிங்கில் தேவைக்கு மேல் உலோகத்தை எடுக்கக் கூடாது. ஹெட்டைக் குறைத்தால் வால்வுகள் பிஸ்டனை நெருங்கும். வால்வு ஆழத்தைச் சரிசெய்ய வேண்டும். இன்ஜெக்டர் நுனியும் கூடுதலாக நீட்டிக்கொண்டிருக்கும். பிளாக்கைக் குறைத்தால் பிஸ்டனே ஹெட்டை நெருங்கும். சில இன்ஜின்களுக்கு இதற்கென்றே கனம் கூடிய கேஸ்கட் கிடைக்கிறது. எவ்வளவு எடுத்தார்கள் என்பதைப் பட்டறையில் எழுதி வாங்கிக்கொண்டு, கடையில் காட்டுங்கள்.

பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட்டுக்குக் கண்ணாடிபோல வழுவழுப்பான பரப்பு வேண்டும். பழைய இன்ஜினுக்கு, அதற்கென்றே வரும் கல்நார் இல்லாத காம்போசிட் கேஸ்கட் பொருத்தமானது. கையேட்டில் சொல்லாமல் எந்தப் பசையும் தடவாதீர்கள்.

போல்ட் துளைகளில் எண்ணெயோ, தண்ணீரோ தேங்கியிருந்தால், முறுக்கும்போது பிளாக் விரிசல் விடலாம். துடைத்துவிட்டு, டார்க் ரெஞ்சால் நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றுகளில் முறுக்குங்கள். கையேட்டில் மறுமுறுக்கு சொல்லியிருந்தால், இன்ஜினை ஓட்டிய பிறகு அதையும் செய்து, டேப்பட் இடைவெளியைச் சரிபாருங்கள்.

ஹெட் வளைவதற்குப் பெரும்பாலும் அதிகச் சூடுதான் காரணம். எனவே, சேற்றில் இறக்குவதற்கு முன்பு ரேடியேட்டரில் அடைத்திருக்கும் வைக்கோல், தூசியை நீக்குங்கள். ஃபேன் பெல்ட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் மூன்றையும் பாருங்கள். இதைச் செய்யாவிட்டால், மூன்றாவது கேஸ்கட்டும் நடவு முடிவதற்குள் போய்விடும்.