காந்த மணிகளும் பயோட்டின் மாத்திரையும்

இரத்தப் பரிசோதனைக்கு வருவோரிடம் உட்கொள்ளும் மருந்துகளைக் கேட்டால், சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்குமான மாத்திரைகளைத் தவறாமல் கூறுகின்றனர். முடி உதிர்வுக்காகத் தாமாகவே வாங்கி உண்ணும் பயோட்டின் மாத்திரையைப் பலர் மருந்தாகவே கருதுவதில்லை. அதையும் கட்டாயம் கூற வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. காரணம், ஆய்வகக் கருவிக்குள் இருக்கிறது.

தைராய்டுச் சோதனை, மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் சோதனை ஆகியவற்றுக்கான பல கருவிகளில் நுண்ணிய காந்த மணிகள் பயன்படுகின்றன. நார்வேயின் ட்ரான்ட்ஹைம் நகரில் பேராசிரியர் ஜான் உகல்ஸ்டாட் 1970களில் ஒரே அளவுள்ள பாலிஸ்டைரீன் மணிகளை உருவாக்கினார். பின்னர் அத்தகைய மணிகளின் நுண்துளைகளில் இரும்பு ஆக்சைடு நானோதுகள்களைப் படியச் செய்து, மேலே பாலிமர் பூச்சிட்டு மூடும் முறை வந்தது. பரவலாகப் பயன்படும் ஒருவகை மணியின் விட்டம் 2.8 மைக்ரான், ஏறத்தாழ 350 மணிகளை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். காந்தத்தை அருகில் வைத்தால் இவை ஒன்றுதிரளும். அகற்றினால் காந்தத்தன்மை நீங்கி மீண்டும் நீர்மத்தில் பரவும். உள்ளிருக்கும் துகள்கள் நானோ அளவில் இருப்பதே இதற்குக் காரணம்.

சில கருவிகளில் இம்மணிகளின் மேல் ஸ்ட்ரெப்டாவிடின் என்னும் புரதம் பூசப்பட்டிருக்கும். அது பயோட்டினை இறுகப் பற்றும். தேடப்படும் பொருளைப் பிடிக்கும் எதிர்ப்புரதத்தில் பயோட்டினை இணைத்திருப்பார்கள். காந்தம் மணிகளை இழுத்து நிறுத்த, எஞ்சியவை கழுவி அகற்றப்படும். இரத்தத்திலேயே பயோட்டின் மிகுந்திருந்தால், அது மணிகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அளக்க வேண்டிய பொருளோ கழுவுநீருடன் போய்விடுகிறது. இதனால் டி.எஸ்.எச். அளவு பொய்யாகக் குறையலாம்; வேறு முறையில் அளக்கப்படும் தைராக்ஸின் பொய்யாகக் கூடலாம். இல்லாத தைராய்டு மிகைச்சுரப்பு இருப்பதாகத் தோன்றும்.

இது வெறும் ஐயம் அன்று. ட்ரோபோனின் அளவு பொய்யாகக் குறைந்து காட்டியதைத் தொடர்ந்து, மிகுதியாகப் பயோட்டின் உட்கொண்ட ஒருவர் இறந்ததை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் தன் எச்சரிக்கையில் குறிப்பிட்டது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குப் போதுமான பயோட்டின் 30 மைக்ரோகிராம். கடைகளில் கிடைக்கும் சில மாத்திரைகளிலோ 10 மில்லிகிராம், அதாவது முந்நூறு மடங்குக்கும் மேல்.

எல்லாக் கருவிகளும் இம்முறையில் இயங்குவதில்லை. ஆகவே அச்சம் வேண்டா. ஆனால் நோயாளியின் நினைவை மட்டும் நம்பியிருப்பதும் முறையன்று. பரிசோதனைப் படிவம் ஒவ்வொன்றிலும் சத்து மாத்திரைகளுக்கென ஒரு வரி இருக்க வேண்டும். மருத்துவர்களாகிய நாங்களும் அதைக் கேட்க வேண்டும். தைராய்டுச் சோதனைக்கு இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்துமாறு பொதுவாக அறிவுறுத்தப்படுகிறது. மருத்துவர் எழுதித்தந்த மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டா. நெஞ்சுவலியென்றால் ஒரு நொடியும் காத்திராமல் வாருங்கள்; வந்ததும் பயோட்டின் உட்கொள்வதைச் சொல்லுங்கள். நோயாளியால் பேச இயலாவிடில், உடன் வருவோர் சொல்லும் அந்த ஒரு சொல் உயிர் காக்கக்கூடும்.